மாத்திரை அட்டையை எண்ணி வை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. "அவள் என்னென்ன சாப்பிடணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் கொடும்மா" என்று நீ கேட்டாய் அல்லவா, அம்மா போட்டுத் தருவாள். கீரை, பருப்பு, முட்டை, பழம் என்று அவள் எழுதுவதில் நான் குறுக்கிடப் போவதில்லை. ஆனால் நீ போனை வைத்த பிறகு எனக்கு ஒன்று உறுத்தியது. நீ லிஸ்ட் கேட்டது அவளுக்காக. உனக்கென்று ஒரு லிஸ்ட் யாரும் தரப்போவதில்லை, நீயும் கேட்கமாட்டாய். எனக்கும் அந்தக் காலத்தில் யாரும் தரவில்லை. அதனால் நான் என்னென்ன கோட்டை விட்டேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

நீ வயிற்றில் இருந்தபோது இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று இருந்தேன். மாதாமாதம் தவறாமல் வாங்கினேன். நீ பிறந்த பிறகு அலமாரியைக் குடைந்தபோது பிரிக்காத அட்டைகள் ஏழெட்டு கிடைத்தன. கேட்டதற்கு, "சாப்பிட்டா குமட்டுது, மலம் கறுப்பாப் போகுது, பயந்துட்டு விட்டுட்டேன்" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீங்க கேட்கலையே" என்றாள். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அந்த மாதங்களில் நாலு படி ஏறினாலே அவளுக்கு மூச்சு வாங்கும். பிள்ளைத்தாச்சி என்றால் அப்படித்தான் என்று நானும் சொன்னேன், பார்க்க வந்தவர்களும் சொன்னார்கள். கடைசி மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8-ஐ ஒட்டி நின்றது. கர்ப்பத்தில் அது 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். கர்ப்பிணியின் உடம்பில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. ஆனால் அதில் நீர்ப்பகுதி கூடும் வேகத்துக்குச் சிவப்பணுக்கள் கூடுவதில்லை. போதாததற்குக் குழந்தை தன் பங்கு இரும்பை அவளிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது, அதுவும் கைகூசாமல். கையிருப்பு குறைந்தால் முதலில் தட்டுப்பாடு வருவது பெரும்பாலும் அம்மாவுக்குத்தான். நீ மூன்றரைக் கிலோ இருந்தாய், எல்லாரும் குழந்தையைப் பார்த்து மகிழ்ந்தார்கள். அவள் வெளிறிப்போய்க் கிடந்ததை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. கணக்குப்பிள்ளை வேலை பார்த்த நானே எடுக்கவில்லை.

ஆகவே மாத்திரை விஷயத்தில் சில நுணுக்கங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு தினம் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின். டீ, காபியோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரிப் புளிப்புப் பழச்சாறோடு எடுத்தால் நன்றாகச் சேரும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் தந்திருந்தால் இரண்டையும் ஒரே வேளையில் கொடுக்காதே, ஒன்று மற்றதைத் தடுக்கும். மலம் கறுப்பது இயல்பு. குமட்டலோ மலச்சிக்கலோ தாங்க முடியாமல் இருந்தால் டாக்டரிடம் சொன்னால் வேறு வகை மாற்றித் தருவார். அவளாகவே நிறுத்திவிட்டு உன்னிடம் சொல்லத் தயங்கும் நிலை வரக்கூடாது, அவ்வளவுதான்.

ஃபோலிக் அமிலம் பற்றி இன்னும் கொஞ்சம். பிற்பாடு நான் படித்தவற்றில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது இதுதான். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போகிறதே என்று சந்தேகப்பட்டு ஒரு பெண் உறுதிசெய்துகொள்வதற்குள் அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். 1991-இல் ஏழு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஏற்கெனவே ஒருமுறை இந்தக் குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பெற்ற பெண்களுக்கு, அடுத்த கருவுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார்கள். அதே குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. அவர்களுக்குக் கொடுத்தது 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு அந்த 400 மைக்ரோகிராமே போதும். நீங்கள் முன்கூட்டியே ஆரம்பித்தீர்களா என்று எனக்குத் தெரியாது. இல்லையென்றாலும் அவளைக் கலங்கடிக்காதே. ஆரம்பிக்காத எத்தனையோ பேருக்கு, உன் அம்மா உட்பட, குழந்தை நன்றாகத்தான் பிறந்திருக்கிறது. இப்போதிருந்து தொடரட்டும். அடுத்த குழந்தைக்கு யோசிக்கும்போது முன்னாலேயே தொடங்குங்கள். (அடுத்ததைப் பற்றி இப்போதே பேசுகிறாரே என்று முறைக்காதே.)

இனி "ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். இரண்டாவது உயிர் இப்போது ஒரு அவரை விதை அளவுகூட இருக்காது. முதல் மூன்று மாதம் கூடுதல் சாப்பாடே ஏறக்குறைய தேவையில்லை. அந்தக் குமட்டலில் சாப்பிட்டது தங்கினாலே போதும், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடட்டும். நடு மூன்று மாதத்தில் தினம் 340 கலோரி, கடைசி மூன்று மாதத்தில் 450 கலோரி கூடினால் சரி. கூட ஒரு சிற்றுண்டி வேளை, அவ்வளவே. சராசரி எடையுள்ள பெண்ணுக்கு மொத்தக் கர்ப்பத்திலும் பதினொன்றரை முதல் 16 கிலோ வரை ஏறலாம். ஒல்லியானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட, பருமனானவர்களுக்குக் குறைவு. அளவைவிடத் தரம்தான் எண்ண வேண்டியது. அவள் தட்டில் கீரை, பயறு, முட்டை, மீன் இருக்கிறதா, வெறும் மாவுப்பொருளால் வயிறு நிரம்புகிறதா என்று பார். உப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும். காய்ச்சாத பால், சரியாக வேகாத இறைச்சி வேண்டாம். காபியை அடியோடு பிடுங்காதே பாவம், ஒன்றிரண்டு கோப்பையோடு நிற்கட்டும்.

கணக்கு நோட்டு என்றால் எனக்கு ஒரு பிரியம் உண்டு என்று உனக்குத் தெரியும். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் 1911 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடையையும், ஒரு வயதில் அதன் எடையையும், தாய்ப்பால் குடித்ததா புட்டிப்பாலா என்பதையும் செவிலியர்கள் வீடு வீடாகப் போய் நோட்டுகளில் எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்த நோட்டுகளைத் தேடிப் பிடித்து, அதே குழந்தைகள் பெரியவர்களாகி எப்படி இறந்தார்கள் என்பதோடு ஒத்துப்பார்த்தார். 1989-இல் வெளியிட்டார். 5654 ஆண்கள். பிறக்கும்போதும் ஒரு வயதிலும் எடை குறைவாக இருந்தவர்களிடம்தான் மாரடைப்புச் சாவு அதிகம். அறுபது வயது நெஞ்சுவலிக்கும் தொட்டிலில் கிடந்த நாளுக்கும் தொடர்பு இருக்கும் என்று அதற்கு முன் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலத்தில் போர்ப் பஞ்சம் வந்தபோது கருவில் இருந்தவர்களையும் இப்படிப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பஞ்சம் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாக்கியிருந்தால், குழந்தை பார்க்கச் சாதாரண எடையோடுதான் பிறந்தது. ஐம்பது வயதில் பார்த்தால் இதய நோய் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஆக, தராசும் முழுக் கதையைச் சொல்வதில்லை.

இதைப் படித்துவிட்டுச் சிலர் கர்ப்பிணியை நோக்கி விரலை நீட்டுகிறார்கள். "நீ சாப்பிடாததால்தான் பிள்ளைக்கு இப்படி." எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பஞ்சத்தை எந்தத் தாயும் கொண்டுவரவில்லை. அந்த நோட்டுகளில் குழந்தையின் எடை இருக்கிறது, அடுப்படியில் அந்தத் தாய் எத்தனையாவது ஆளாகச் சாப்பிட்டாள் என்ற பத்தி இல்லை. நம் வீட்டில் யாராவது எழுதியிருந்தால் என் பெயர்தான் கெட்டிருக்கும். எல்லாருக்கும் போட்டுவிட்டு, அடியில் கிடந்ததை நின்றுகொண்டே உன் அம்மா சாப்பிட்டதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்தது நடை. உன் அம்மாவை நான் நடக்க விடவில்லை. பாசம் என்று நினைத்துச் செய்த காரியம். மாடிப்படி ஏறாதே, குனியாதே, படுத்துக்கொள். கால் வீங்கி, தூக்கம் கெட்டு, மனசும் சோர்ந்துபோனாள். இன்றைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பிணி வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யலாம், செய்ய வேண்டும் என்பது. தினம் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் விறுவிறு நடை. இதனால் கர்ப்பகாலச் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் வரும் வாய்ப்பு குறைகிறது, எடையும் எல்லை மீறாது. எவ்வளவு வேகம்? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நீச்சலும் நல்லது. கீழே விழ வாய்ப்புள்ள விளையாட்டு, கொதிக்கும் வெயிலில் பயிற்சி, பிந்திய மாதங்களில் மல்லாந்து படுத்துச் செய்பவை எல்லாம் வேண்டாம். இரத்தக்கசிவு, தலைசுற்றல், நெஞ்சுவலி, நீர் கசிவு, கெண்டைக்கால் வலி, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடு. முதலில் அவரிடம் கேட்டுவிட்டே ஆரம்பியுங்கள்.

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்று ஒரு வாதம் வரும். நானே பேசிய வாதம். உடம்பு அசைவது உண்மைதான். ஆனால் மணிக்கணக்கில் நின்று பாத்திரம் தேய்ப்பதால் இடுப்புதான் வலிக்கிறது, மூச்சு வாங்குவதில்லை. அந்த அரை மணி நேரம் அவளுக்குக் கிடைக்க வேண்டுமானால் பாத்திரம் உன் கைக்கு வர வேண்டும்.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன், "எழுதுங்க, பையன்தானே" என்றாள். உன்னைப் பெற்றபிறகு இருபது வருஷமாக அவளுக்குத் தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசியும். வெளியூர்ப் பயணம் என்றால் பயப்படுவாள். இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் தளர்ந்ததால் வருவது, பயிற்சியால் பெரும்பாலும் குறைக்கலாம் என்பது ஐம்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆர்னால்ட் கெகல் என்ற மருத்துவர் 1948-லேயே இந்தப் பயிற்சியை எழுதிவிட்டார். சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையைச் சில நொடி இறுக்கி விடுவது, நாளுக்குச் சில தடவை. உட்கார்ந்த இடத்தில் செய்யலாம். மருமகள் இப்போதே கற்றுக்கொள்ளட்டும்.

பிரசவம் முடிந்ததும் எல்லார் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடும். அப்போதுதான் நீ கட்டிலைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், அந்த மஞ்சள் சீம்பால் ஒரு சொட்டும் வீணாகாமல். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பால் கொடுப்பவளுக்குக் கர்ப்பத்தில் தேவைப்பட்டதைவிடவும் சற்றுக் கூடுதலாக, அதாவது வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் தினம் 500 கலோரி அளவுக்கு வேண்டும். அந்த மாதங்களில் அவள் எலும்பிலிருந்தே சுண்ணாம்புச்சத்து பாலுக்குப் போகிறது. பால் மறந்த பிறகு திரும்பக் கூடிவிடும் என்றாலும், அதுவரை கொடுப்பது அவள் உடம்புதான். குழந்தை ஒரு கையில், சாப்பாடு ஆறிப்போய் எதிரில் என்று அவள் உட்கார்ந்திருந்தால் குழந்தையை நீ வாங்கிக்கொள். எடையைக் குறைக்க அவசரம் காட்டாதீர்கள். மெல்ல நடக்க ஆரம்பித்தால் பால் வற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், வற்றுவதில்லை.

குழந்தை சாப்பாடு பற்றி இன்னொரு கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். ஆறு மாதத்தில் அதன் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவரும், அதனால் திட உணவில் இரும்பு இருக்க வேண்டும், ஒரு வயதுவரை தேன் கூடாது என்பதை மட்டும் இப்போதைக்கு மனசில் வை. விழித்திருக்கும்போது நாளுக்கு அரை மணி நேரமாவது குப்புறப் போட்டு விளையாட விடு, அதுதான் அதன் முதல் உடற்பயிற்சி. ஒன்று மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2001-இல் வந்த ஒரு ஆய்வில் சில கர்ப்பிணிகளைக் கேரட் சாறு குடிக்கச் சொன்னார்கள். பிறந்த குழந்தைகள் பின்னால் கேரட் கலந்த கூழை மற்றக் குழந்தைகள் அளவுக்கு முகம் சுளிக்காமல் சாப்பிட்டன. சுவை பனிக்குடத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. உனக்குப் பாகற்காய் பிடிக்காது. அதற்காக அவளும் சாப்பிடாமல் இருக்க வேண்டியதில்லை.

அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நாங்கள் தினம் சாயங்காலம் நடக்கிறோம், இப்போது அவள்தான் முன்னால் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று கேட்பேன், மருமகளிடம் இல்லை, உன்னிடம்.

அன்புடன்,
அப்பா