பாலைவனம் வரைக்கும் எங்களை கொண்டு போய் சேர்த்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். மார்கழியில திருத்துறைப்பூண்டியிலேர்ந்து கிளம்பி அகமதாபாத் வரைக்கும் ரயில், அங்கேர்ந்து வாடகை ஜீப்புல குஜராத்து உப்புப் பாலைவனமான சின்ன ரண், ராஜஸ்தான்ல ஜெய்சல்மேர், கீச்சன், தால் சாப்பர்னு மிருகம், பறவைய படம் எடுக்க 12 நாள் நானும் மச்சானும் சுத்திட்டு நல்லபடியா வீடு வந்து சேர்ந்தாச்சு. போட்டோ இன்னும் பிரிச்சு முடிக்கல, ஆனா அதுக்கு முன்னாடி நன்றிய சொல்லிடணும்.

முதல்ல சித்தப்பாவுக்கு. நாங்க போன நாலாம் நாளு இங்க அடைமழை, சம்பா நெல்லு பொதி கட்டி கதிரு உள்ள உருவாகுற நேரத்துல வயல்ல தண்ணி நின்னுடுச்சு. நான் அப்ப ஒரு சொட்டு தண்ணி இல்லாத வெடிச்ச மண்ணுல நிக்கிறேன், போன்ல சிக்னலும் இல்ல. ராத்திரி ரூமுக்கு வந்து பதறிப்போய் பேசுனா "வரப்ப வெட்டி வடிய வச்சாச்சு, நீ மான பாரு"ன்னு சொல்லி வச்சிட்டாரு. விடியவிடிய மழையில மம்முட்டியோட நின்னாருன்னு திரும்பி வந்தப்புறம் சித்தி சொல்லித்தான் தெரியும். சித்தப்பா, இந்த வருசம் நெல்லு வீடு வந்தா அது உங்களாலதான்.

கோடியக்கரையில காவலரா இருக்குற அண்ணனுக்கு அடுத்தது. 1967லேயே வெளிமானுக்காக சரணாலயம் ஆன காடு நம்ம பக்கத்துல இருக்கு, அங்க மூணு வருசமா என்னை கூட்டிட்டுப் போயி காத்து எந்தப் பக்கம் அடிக்குது, மான் காதை எப்ப திருப்புதுன்னு பாக்க பழக்குனவரு அவருதான். தால் சாப்பர் வெறும் 7 சதுர கிலோமீட்டர் புல்வெளி, அதுலயும் அதே வெளிமான்தான், முறுக்குக் கொம்போட ஆண் மான் தலைய தூக்குன உடனே அடுத்து என்ன பண்ணும்னு எனக்கு தெரிஞ்சுது, அண்ணே, அந்த படம் உங்க படம்.

அகமதாபாத்லேர்ந்து கிளம்புறதுக்கு முத நாள் புக் பண்ணியிருந்த வண்டிய கேன்சல் பண்ணிட்டாங்க, பணமும் உடனே வரல. அப்ப கைகுடுத்தது மணிநகர்ல இருக்குற அக்கா, அவங்க தாத்தா மில்லு வேலைக்குன்னு அகமதாபாத் போனவரு, இன்னமும் வீட்ல தமிழ்தான். ராத்திரி பத்து மணிக்கு சாம்பார் சாதம் போட்டு, தெரிஞ்ச டிரைவர் பாய கூப்பிட்டு விட்டாங்க. அந்த பாய் இல்லன்னா இந்த டிரிப்பே இல்ல.

சின்ன ரண்ல காட்டுக்கழுதை சரணாலயம் கிட்டத்தட்ட 5,000 சதுர கிலோமீட்டர், மழையில கடல் மாதிரி நிக்கிற இடம் காஞ்சு வெள்ளையா கெடக்கு. அங்க உப்பு எடுக்குற அகரியா குடும்பம் ஒண்ணு எங்களுக்கு டீ போட்டு குடுத்துச்சு. நம்ம வேதாரண்யத்துல கடல் தண்ணி, அங்க தரைக்கு அடியிலேர்ந்து உப்புத்தண்ணிய எறைக்கிறாங்க, மாசக்கணக்கா பாத்தியிலயே குடிசை போட்டு இருக்காங்க, அந்த அம்மாவோட காலு வெடிப்ப பாத்தப்ப அகஸ்தியம்பள்ளி உப்பளத்துல வேலை பாத்த எங்க அத்தை காலு ஞாபகம் வந்துடுச்சு. அவங்க கை காட்டுன தெசையிலதான் பன்னெண்டு கழுதை கூட்டமா நின்னுச்சு.

ஜெய்சல்மேர் பக்கம் பாலைவன தேசியப் பூங்காவுல எங்களுக்கு வழிகாட்டுன தம்பிய மறக்கவே முடியாது. கானமயில், ஒரு காலத்துல தமிழ்நாடு வரைக்கும் இருந்த பறவை, இப்ப காட்டுல 150 கூட இல்ல. தூரத்துல ஒண்ணு புல்லுக்குள்ள நடந்துச்சு, இன்னும் கொஞ்சம் கிட்ட போலாமான்னு மச்சான் கேட்டதுக்கு அந்த தம்பி இஞ்சின ஆஃப் பண்ண சொல்லிட்டு முடியாதுன்னு தலையாட்டிடுச்சு. கிட்ட போயி பறக்க வச்சா அது எங்க போயி முட்டும்னு தெரியாது, நேரா முன்னாடி இருக்குறது அதுக்கு சரியா தெரியாது, வெயிட்டான பறவை, கரண்டு கம்பிய கடைசி நேரத்துல பாத்தாலும் சட்டுன்னு திரும்ப முடியாது, நிறைய அப்படித்தான் சாகுதுன்னு சொன்னான். என் படத்துல அது கட்டை வெரல் நகம் அளவு, கானல்ல ஆடிக்கிட்டு நிக்குது. அதைத்தான் பெருசா பிரிண்ட் போடப்போறேன். தம்பி, நீ தடுத்ததுக்கு நன்றி.

கீச்சன்ல ஊரே சேந்து தானியம் போடுது, ஆயிரக்கணக்கான கொக்குங்க இமயமலை தாண்டி வந்து எறங்குது, சத்தம் இன்னும் காதுல கேக்குது. 600 எம்எம் லென்ஸ நம்பி குடுத்த மன்னார்குடி ஸ்டுடியோ அண்ணனுக்கும், மணல் போன கேமராவ காசு வாங்காம சுத்தம் பண்ணி குடுத்த தஞ்சாவூர் சர்வீஸ் அண்ணனுக்கும் நன்றி.

கடைசியா அம்மா. ஜீப்பு ஜன்னல்ல லென்ஸ வைக்க பழைய வேட்டியில பை தைச்சு, உள்ள நம்ம வயல்ல வெளஞ்ச உளுந்த போட்டு குடுத்துச்சு. திரும்புறப்ப ஜோத்பூர் பக்கம் ஒரு பிஷ்னோய் வீட்ல தங்குனோம், 1730ல வன்னி மரத்த வெட்ட விடாம 363 பேர் உயிர விட்ட சனம், நம்ம ஊரு சிவன் கோயில்ல தலமரமா நிக்கிற அதே வன்னி அவங்க வாசல்ல நிக்குது. அந்த உளுந்த அவங்களுக்கே குடுத்துட்டு வெறும் பைய மடிச்சு வச்சேன். காலைல பாத்தா அந்த பாட்டியம்மா பை நெறைய கம்பு போட்டு வாய தைச்சு வச்சிருக்கு. நேத்து அம்மா அத இடிச்சு கூழு காச்சுச்சு, சித்தப்பா ரெண்டு சொம்பு குடிச்சாரு.