ஜனவரியில் பூக்கன்று வாங்குகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் வசந்தகாலத்தை நம்பி, ஜனவரி நடுவிலேயே நுவரெலியாப் பக்கம் பூக்கன்று விற்கத் தொடங்கிவிடுகிறார்கள். போன வருடம் நானும் பன்னிரண்டு பிகோனியாவும் ஆறு பான்சியும் வாங்கி வந்து, அன்றைக்கே வாசல் பாத்தியில் நட்டுவிட்டேன். மூன்றாம் நாள் விடியற்காலை உறைபனி விழுந்து, புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெள்ளை. வெயில் ஏறியதும் பிகோனியா இலைகள் வேகவைத்த கீரையாகக் கறுத்துத் தொங்கின. பான்சி மட்டும் கொஞ்சநேரம் தலை சாய்ந்து கிடந்து, பத்து மணிக்கு ஒன்றும் நடக்காததுபோல நிமிர்ந்துகொண்டது.

முப்பது வருடம் தேயிலைத் தவறணையில், அதாவது கன்று வளர்க்கும் நாற்றுமேடையில், நின்றவன் நான். நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத்தான் கன்றை வெளியே பழக்குவோம். அது பூக்கன்றுக்கும் பொருந்தும் என்று ஏனோ தோன்றவில்லை. பொலித்தீன் கூடாரத்துக்குள் வளர்ந்த கன்று அது. பத்து நாளாவது பகலில் வெளியே, இரவில் இஸ்தோப்புக்குள் (வீட்டு முன்திண்ணைக்குள்) என்று வைத்துப் பழக்க வேண்டும்.

பான்சியை அப்புறம் நட்டுவிடலாம். பிகோனியா, டாலியா எல்லாம் பெப்ரவரி கழியட்டும். முகில் இல்லாமல் காற்றும் அடங்கிய இரவென்றால் சாக்கைப் போர்த்துங்கள். குளிர்காற்று பள்ளத்தில்தான் தேங்கும். மேட்டில் இருக்கும் எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தப்பியது கீழே ஆற்றோரம் கருகிவிடும்.

விற்கிறவர்களும் இதை ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் என்ன?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தவறணைக் கங்காணி,
கந்தப்பளை.