டரான்டுலா தொட்டி செட் பற்றிய நான்காவது புகார்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றையும் வாட்ஸ்அப்பில் மலாயிலும் ஆங்கிலத்திலும் அனுப்பிப் பார்த்தேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. முகநூல் நேரலையில் தமிழில் பேசித்தானே இந்தப் பொருளை என் தலையில் கட்டினீர்கள்? அதனால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். தமிழில் விற்க ஆள் இருக்கும்போது தமிழில் படிக்கவும் ஆள் இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஆர்டர் விவரம் உங்கள் கணினியில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் 489 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வாங்கிய 'டரான்டுலா பயோஆக்டிவ் முழு செட்'. டரான்டுலா என்கிற பெரிய சிலந்தியை வளர்க்கக் கண்ணாடித் தொட்டி, கம்பிவலை மூடி, மண், அதைச் சுத்தமாக வைக்கும் பூச்சிகள், சூடேற்றும் ஹீட் மேட், வழிமுறைத் தாள். மற்றது உங்களுக்கே தெரியும், உங்கள் பொருள்தானே. அதற்கு மேல் பட்டியல் போட்டு உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நேராக அந்த மூடிக்கு வருகிறேன்.

அந்தக் கம்பிவலை மூடி இருக்கிறதே, அதை டரான்டுலா தொட்டிக்குப் போடலாம் என்று உங்களுக்குச் சொன்னவர் யார்? டரான்டுலாவின் ஒவ்வொரு கால் நுனியிலும் பொடிப்பொடியாக இரண்டு நகம் இருக்கும். வலையின் ஓட்டையில் அது மாட்டினால் எளிதில் வெளியே வராது. ஆறு மாதம் ஒரு சிலந்தியை வளர்த்த பையனுக்குக்கூட இது தெரியும். 'நிபுணர்கள் வடிவமைத்தது' என்று பெட்டியில் அச்சடித்திருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது?

என்னிடம் இருப்பது கர்லி ஹேர் என்கிற டரான்டுலா. மத்திய அமெரிக்கக் காட்டுத் தரையில் வளை தோண்டி வாழ்கிற இனம். உடம்பெல்லாம் பொன்னிறச் சுருள் முடி, அதனால் என் மகள் வைத்த பெயர் சுருட்டை. (புதுக்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்த என் மாமியார் போனில் 'வீட்டுல சுருட்டை வளக்குறோம்' என்று கேட்டதும் சுருட்டை விரியன் பாம்பு என்று நினைத்து ஒரு மாதம் இந்தப் பக்கமே வரவில்லை. அது தனிக் கதை, அதற்கு உங்களிடம் இழப்பீடு கேட்கவில்லை.)

அன்று செவ்வாய்க்கிழமை இரவு பதினொன்றரை இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவன் சும்மா தொட்டிப் பக்கம் டார்ச் அடித்தேன். மூடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் மூன்றாவது கால் வலையில் மாட்டியிருந்தது, மற்ற ஏழும் கண்ணாடியில் பிடி தேடி வழுக்கிக்கொண்டிருந்தன. வலையை வெட்டிவிடலாம் என்று சமையலறைக்கு ஓடிக் கத்தரிக்கோலோடு திரும்புவதற்குள் 'தொப்' என்று ஒரு சத்தம். காலைக் கழற்றிவிட்டு விழுந்திருந்தாள். கால் மட்டும் மூடியில் ஆடிக்கொண்டிருந்தது. அது இருந்த இடத்தில் வெளிர்நீலமாக ஒரு சொட்டு, குண்டூசித் தலை அளவு, பார்க்கப் பார்க்கப் பெரிதானது. இரத்தம்தான், சிலந்திக்கு அந்த நிறம். அந்தத் திரவத்தின் அழுத்தத்தில்தான் அது காலை நீட்டி நடக்கிறது. வடிந்துகொண்டே இருந்தால் நடை போகும், பிறகு உயிரும் போகும். மீன் பொரிக்க என் மனைவி வைத்திருந்த சோளமாவைக் காது குடையும் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் வைத்தேன். என் அப்பாவுக்கு முதல்முறை இன்சுலின் போட்டபோதுகூடக் கை அப்படி நடுங்கவில்லை. மூன்றாவது தடவை வைத்ததும் மாவு கட்டியாகி நின்றது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு உங்கள் எண்ணை அழைத்தேன். முதலில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். இரண்டாமவர் 'டெக்னிக்கல்' பிரிவுக்கு மாற்றினார். மூன்றாவதாக வந்தார் ஒருவர். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று நீங்களே தொடக்கத்தில் அறிவிக்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "அங்கிள், எட்டு காலுல ஒண்ணுதானே போச்சு? மிச்சம் ஏழு இருக்குல்ல லா?" பின்னால் யாரோ சிரித்தார்கள்.

எனக்கு 52 வயது. தோட்டப்புறத்தில் பிறந்து, தொழிற்சாலையில் 28 வருடம் வேலை செய்தவன். அங்கே எத்தனையோ சூப்பர்வைசர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு மாதிரி எதுவும் சுட்டதில்லை.

சரி, அதை விடுகிறேன். விட முடியவில்லை, ஆனாலும் மற்றதையும் சொல்ல வேண்டும்.

தொட்டியின் உயரம் 45 சென்டிமீட்டர். சுருட்டை கால் விரித்தால் 13. தரையில் வாழும் டரான்டுலாவுக்கு மண்ணுக்கும் மூடிக்கும் இடையே கால் விரிப்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது. வயிற்றுத் தோல் அவ்வளவு மெல்லியது, உயரத்திலிருந்து விழுந்தால் வெடித்துவிடும். அப்படியானால் எனக்கு 20 சென்டிமீட்டர் இடைவெளிதான் வேண்டும், மீதி 25-க்கு மண் நிரப்ப வேண்டும். 45-க்கு 30 அகலமுள்ள தொட்டியில் 25 உயரத்துக்கு 33 லிட்டருக்கு மேல் போகும். நீங்கள் கொடுத்தது 8 லிட்டர். அடியில் போடும் களிமண் உருண்டையையும் சேர்த்தால்கூட எட்டு சென்டிமீட்டர் வரவில்லை. சுருட்டை விழுந்தது 37 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து. வயிறு வெடிக்காமல் போனது தண்ணீர்மலை முருகன் புண்ணியம். உங்கள் புண்ணியம் இல்லை.

மரத்தில் வாழும் இனத்துக்கு உயரத் தொட்டி, தரையில் வாழும் இனத்துக்குத் தாழ்ந்த தொட்டி என்பது இதில் அரிச்சுவடி. 'எல்லா டரான்டுலாவுக்கும் ஏற்றது' என்று ஒட்டியிருக்கிறீர்கள். எல்லாக் காலுக்கும் ஒரே அளவு சப்பாத்து என்று ஒரு கடைக்காரர் சொன்னால் வாங்குவீர்களா?

அப்புறம் அந்த ஹீட் மேட். பினாங்கில்! மார்ச் மாதம் மதியம் மூன்று மணிக்கு எங்கள் ஒன்பதாவது மாடி வீட்டுக்கு வந்து பாருங்கள், நாங்களே வெந்துகொண்டிருக்கிறோம். அதையும் தொட்டிக்கு அடியில் ஒட்டச் சொல்கிறது உங்கள் தாள். வெப்பம் தாங்காவிட்டால் டரான்டுலா கீழே தோண்டும், அதற்குத் தெரிந்த வழி அதுதான். கீழேதான் அடுப்பை வைத்திருக்கிறீர்கள். நல்லவேளையாக அதை நான் பிளக்கில் செருகவே இல்லை.

இப்போது பிறைக்கு வருகிறேன், அதாவது கடலுக்கு அந்தப் பக்கம் உங்கள் கிடங்கு இருக்கும், நீங்கள் என்னை வரவழைத்த பிறை ஊருக்கு.

'தொட்டியைப் பார்க்காமல் எதுவும் செய்ய முடியாது, மண்ணைக் கொட்டாமல் அப்படியே கிடங்குக்குக் கொண்டுவாருங்கள், பெட்டியில் வந்த எண்ணிக்கை எதிலும் குறையக் கூடாது' என்று எழுத்தில் கேட்டீர்கள். என்னிடம் கார் இல்லை. என் மச்சான் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பதினைந்து கிலோ கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டான். பாலத்துக் காற்றுக்குப் பயந்து ஃபெரியில் போனோம். இந்தப் புதிய ஃபெரிகளில் கார் ஏறாது, மோட்டார்தான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் தொட்டியை எட்டிப் பார்த்து மீன் எங்கே என்று கேட்டார்கள். ஈரமண்ணின் தண்ணீர் மூலையில் கசிந்து மச்சானுடைய கால்சட்டையில் இறங்கியது. பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. பட்டர்வொர்த்தில் இறங்கி, வெயிலில் லோரிகளுக்கு நடுவே உங்கள் கிடங்கைக் கண்டுபிடித்துப் போனால், காவலாளி சொல்கிறார், சனிக்கிழமை வாடிக்கையாளர் கவுண்டர் கிடையாதாம். சனிக்கிழமை வரச் சொன்னது நீங்கள். மெசேஜைக் காட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து ஒரு தம்பி வந்தார். போனை எடுத்து மூடியை ஒரு படம், தொட்டியை ஒரு படம். அவ்வளவுதான். "ஓகே அங்கிள், இதை வாட்ஸ்அப்லயே அனுப்பியிருக்கலாமே" என்றார். அந்தப் படங்களைத்தான் ஐயா நான் ஏற்கனவே மூன்று முறை அனுப்பியிருந்தேன்!

திரும்பும்போது மழை. மச்சான் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

மண்ணைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மூன்றாம் எண் பையில் மஞ்சள் மஞ்சளாக உருண்டைகள் கிடந்தனவே, அது என்ன என்று உங்களுக்குத் தெரியும்தானே? பூந்தொட்டிக்குப் போடும் உரம். மெதுவாகக் கரையும் ரசாயன உரம். பூச்சிகள் வாழ வேண்டிய மண்ணில் உரத்தைக் கலந்து விற்றிருக்கிறீர்கள். பயோஆக்டிவ் என்றாலே மண்ணில் ஸ்பிரிங்டெயில் என்கிற துள்ளும் குட்டிப் பூச்சியும் ஐசோபாட் என்கிற ஓடு போர்த்திய சிற்றுயிரும் உயிரோடு இருந்து, பூஞ்சையையும் எச்சத்தையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான். உங்கள் டப்பாவில் கரித்துண்டுகளோடு வந்த ஸ்பிரிங்டெயில் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் ஊற்றினால் வெள்ளைப் புள்ளிகளாக மிதந்து துள்ளியது, மகள் கைதட்டினாள். அந்த மண்ணில் விட்ட மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை. இவற்றையும் செடியையும் நான்கைந்து வாரமாவது வளரவிட்டுத்தான் சிலந்தியை உள்ளே விட வேண்டும். உங்கள் தாளில் 'அன்றே விடலாம்' என்று இருக்கிறது. உங்களை நம்பி அன்றே விட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

பத்துக் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலைக்கு 18 வெள்ளி தனியாக வாங்கினீர்கள். எங்கள் ப்ளாக் கீழே கூட்டிக் குப்பையில் போடுகிறார்கள்.

ஐசோபாட் விஷயம்தான் எனக்கு இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது. தாளில் எழுதியிருப்பது குட்டி வெள்ளை இனம், அது மண்ணுக்குள்ளேயே கிடக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. பையில் வந்ததோ கறுப்பு வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய ரகம். 'டெய்ரி கவ்' என்பார்கள், புரதத்துக்கு அலையும். டரான்டுலா தோல் உரிக்கும்போது மல்லாந்து மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும், உடம்பு முழுக்க மென்மையாக இருக்கும், கோரைப்பல்கூட வெள்ளையாக, கடிக்க வலுவில்லாமல் இருக்கும். அந்த நேரத்தில் இந்தக் கூட்டம் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும்? சுருட்டை மூன்று வாரமாகச் சாப்பிடவில்லை, வயிறு கறுத்திருக்கிறது. தோல் உரிக்கப் போகிறாள். அதனால் அவளை ஓட்டை போட்ட ஐஸ்கிரீம் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். 489 வெள்ளி கொடுத்து வாங்கிய மாளிகை காலியாகக் கிடக்கிறது, ராணி ஐஸ்கிரீம் டப்பாவில் இருக்கிறாள்.

கால் மறுபடி முளைக்கும் என்று உங்கள் நான்காவது ஊழியர் ஆறுதல் சொன்னார். தெரியும். தோல் உரித்தால் சின்னதாக முளைக்கும், சரியான அளவுக்கு வர இன்னும் இரண்டு மூன்று தடவை உரிக்க வேண்டியிருக்கும். வளர்ந்த பெண் வருடத்துக்கு ஒரு முறை உரித்தால் அதிகம். அதுவரை அந்த ஏழு காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புதான் கேட்கும்.

உங்கள் எல்லோரையும் திட்ட எனக்கு மனமில்லை. தொட்டியைக் கொண்டுவந்த டெலிவரி தம்பி, லிஃப்ட் கெட்டிருந்த நாளில் ஒன்பது மாடி படியேறித் தூக்கி வந்தார். அவருக்கு ஏதாவது போனஸ் கொடுங்கள். நீங்களும் நியாயமானவர்கள்தான், எங்கோ தவறு நடந்துவிட்டது என்று நினைக்கவே விரும்புகிறேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். 489 வெள்ளி முழுமையாகத் திரும்ப வேண்டும். துளை போட்ட அக்ரிலிக் மூடிக்கு ஹார்ட்வேர் கடைத் தவ்கே (முதலாளி) வாங்கிய 65, நல்ல மண்ணுக்கு 80, இரண்டு நாள் சம்பளம், ஃபெரி, மச்சானின் கால்சட்டை. என் வீட்டில் நிம்மதி போனதற்கு 4,000. எல்லாம் சேர்த்து 5,000 வெள்ளி. குறைத்துத்தான் கேட்கிறேன், இருபது வருடம்கூட வாழக்கூடிய உயிர் அது. கூடவே அந்த மூன்றாமவர் என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட எனக்கு அது முக்கியம். அந்தக் கம்பிவலை மூடியையும் விற்பனையிலிருந்து எடுங்கள், இன்னொரு வீட்டில் இது நடக்க வேண்டாம்.

14 நாள் தருகிறேன். அதற்குள் பதில் வரவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு போடுவேன். 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வழக்கறிஞர் வைக்கக் கூடாது, மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. ஒரு கிண்ணம் செண்டோல் காசு. ஒரு நோக்கத்துக்கு என்று சொல்லி விற்ற பொருள் அந்த நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுப் பாருங்கள். 1969 முதல் இந்த ஊரில் இயங்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் எனக்குத் தூரமில்லை. அங்கே தமிழில் எழுதினாலும் படிப்பார்கள். அந்த அளவுக்குப் போக வைக்காதீர்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் எண்ணும் ரசீதில் இருக்கிறது)

பி.கு.: பொருளைத் திருப்பும்போது வந்த எண்ணிக்கை குறையக் கூடாது என்றீர்கள். பையில் பத்து ஐசோபாட் வந்தது. நேற்று மரப்பட்டையைத் தூக்கி எண்ணினேன், அறுபதுக்கு மேல் எண்ண முடியவில்லை. பத்தைத் திருப்பித் தர வேண்டுமா, எல்லாவற்றையுமா என்று எழுத்தில் தெரிவிக்கவும்.