சமன்பாட்டில் எக்ஸ் எது என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புள்ளிவிவரக் கட்டுரைகளில் எக்செல் மென்பொருளில் வரைந்த வரைபடமும், அதன் மூலையில் ஒரு போக்குக்கோட்டுச் சமன்பாடும் (புள்ளிகளின் போக்கைக் காட்டும் கோட்டுக்கான சமன்பாடு) இப்போது அடிக்கடி இடம்பெறுகின்றன. அந்தச் சமன்பாட்டில் எண்ணைப் போட்டுச் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பல நேரங்களில் விடை கோட்டோடு ஒத்துப்போவதில்லை என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2015 முதல் 2024 வரையிலான பத்து அளவுகளை லைன் சார்ட்டாக வரைந்ததில் ஒய் = 12.4 எக்ஸ் + 310 என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டின் மதிப்பை அறிய எக்ஸுக்குப் பதில் 2025 என்று போட்டால் 25,420 வருகிறது. கோடோ 450-ஐக்கூட எட்டவில்லை. லைன் சார்ட்டின் அடியில் எண்களாக உள்ள ஆண்டுகளை மென்பொருள் வெறும் பெயர்களாகக் கொண்டு, 1, 2, 3 என்ற வரிசையெண்களை வைத்தே கணக்கிடுகிறது. ஆகவே 2025 என்பது 11, விடை 446.4. அதே தரவை, ஆண்டையும் எண்ணாகவே கொள்ளும் ஸ்கேட்டர் சார்ட்டாக (சிதறல் வரைபடமாக) வரைந்திருந்தால் 12.4 என்ற சாய்வு மாறாது. ஆனால் 310 இருந்த இடத்தில் -24,663.6 வந்து நிற்கும். அது பூஜ்ஜியமாம் ஆண்டுக்குரிய மதிப்பு, அதற்கு நடைமுறையில் எந்தப் பொருளும் இல்லை.

தேதிகளில் இடர் இன்னும் பெரிது. எக்செல் 2023 மார்ச் 15-ஐ 45,000 என்ற எண்ணாகவே வைத்திருக்கிறது. இருபடிச் சமன்பாட்டில் எக்ஸ் வர்க்கத்தின் கெழு 2ஈ-05 என்று காட்டப்பட்டால், அதாவது 0.00002 என்றால், அது ஒரே இலக்கத்துக்குச் சுருக்கப்பட்டது என்பதால் உண்மையான கெழு 0.000015 முதல் 0.000025 வரை எதுவாகவும் இருக்கலாம். 45,000-இன் வர்க்கத்தால் பெருக்கும்போது அந்த ஓர் உறுப்பு மட்டுமே 30,375-இலிருந்து 50,625 வரை ஊசலாடுகிறது. கோடு சரியாகத்தான் வரையப்பட்டிருக்கிறது; அச்சான சமன்பாடுதான் முழுமையாக இல்லை. சமன்பாட்டின் மீது ரைட் கிளிக் செய்து தசம இடங்களைக் கூட்டினாலே இது தீர்ந்துவிடும் என்பதால், பலர் மென்பொருளைக் குறைகூறுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கோடு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் ஆர் ஸ்கொயர் 1 (முழுப் பொருத்தம்) என்பதைப் பெருமையாக அச்சிடுவோருக்கும் ஒரு சொல்: ஏழு புள்ளிகளுக்கு ஆறாம் படிப் பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தினால், தரவு எதுவாயினும் 1 வரும்.

எனவே, இத்தகைய வரைபடங்களை வெளியிடும்போது எக்ஸ் என்பது வரிசையெண்ணா, ஆண்டா, தேதியெண்ணா என்பதை ஒரு வரியில் குறிப்பிடுமாறும், தரவு முடிந்த இடத்துக்கு அப்பால் நீளும் கோட்டைப் புள்ளிக்கோடாகக் காட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்