பனி கூட உருகினால் தண்ணீர் கூடத்தானே வரும்?

லே (லடாக்), மே 4

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. கல்யாண விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் உன் கேள்வி. "பனி வேகமா உருகினா ஆத்துல தண்ணி கூடத்தானே வரும், அப்புறம் என்ன பஞ்சம்?" என்று கேட்டிருந்தாய். கூடத்தான் வரும், கொஞ்ச காலத்துக்கு. வட்டியில் ஓடிய குடும்பம் அசலில் கை வைத்தால் செலவுக்குப் பணம் தாராளமாகத்தானே இருக்கும்? பேங்க்காரன் புத்தி, வேறெப்படிச் சொல்வது!

காத்மாண்டுவில் இமயமலையை ஆராயும் ஈசிமோட் என்ற அமைப்பு 2023இல் ஓர் அறிக்கை விட்டது. 2011 முதல் 2020 வரை இந்த மலைத்தொடர்களின் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்திருக்கின்றன. நூற்றாண்டின் நடுவாக்கில் நீர்வரத்து உச்சம் தொட்டு, பிறகு இறங்குமாம்.

ஆனால் இங்கே அளவைவிட மாதம்தான் பிரச்சினை. லேயில் வருஷம் முழுக்க விழும் மழை சுமார் 100 மில்லிமீட்டர். ஐப்பசியில் உங்கள் ஊரில் ஒரே நாளில் கொட்டிவிடும். பார்லி விதைக்க ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வேண்டும். உச்சியிலிருக்கும் பனியாறு ஜூனில்தான் நன்றாக இளகும். இடைப்பட்ட காலத்துக்குக் கை கொடுத்தது தாழ்வான சரிவுகளில் கிடந்த குளிர்காலப் பனி. அது இப்போது குறைந்துவிட்டது. தாமதமாக விதைத்தால் கதிர் முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும்.

ஒவ்வொரு ஊரிலும் சுர்போன் என்று ஒருவர் உண்டு, ஊர் வைத்த நீர்பாய்ச்சி. போன வாரம் ஒருவரைப் பார்த்தேன். வாய்க்கால் வாயிலிருந்த கல்லையும் புல்கட்டியையும் மண்வெட்டியால் தள்ளி ஒரு வயலுக்கு விட்டார். கணுக்கால் நனையாத அளவுத் தண்ணீர். முறை வராத வயல்காரர் வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குத்தான் பனி ஸ்தூபி. முதலில் சேவாங் நோர்பெல் என்ற எஞ்சினியர் நிழலான பள்ளத்தாக்குகளில் ஓடைநீரைத் தேக்கிப் படுகையாக உறையவைத்தார். 2013 வாக்கில் சோனம் வாங்சுக் என்ற இன்னொரு லடாக் எஞ்சினியர் அதையே கூம்பாக நிமிர்த்தினார். மேட்டு ஓடையிலிருந்து குழாயில் இறங்கும் நீர், மோட்டார் இல்லாமலே தன் அழுத்தத்தில் மேலெழும்பிப் பூவாகத் தூவும். மைனஸ் இருபது டிகிரிக் குளிரில் விழும்போதே உறைந்து குவியும். கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு, அதனால் விதைப்புக் காலம்வரை தாங்கும். நள்ளிரவில் குழாய் முனை உறைந்து அடைத்துக்கொண்டால் யாராவது எழுந்துபோய்த் தட்டிவிட வேண்டும், அது வேறு கதை.

அருமையான யோசனைதான். ஆனால் ஸ்தூபி புதிதாக ஒரு சொட்டும் உண்டாக்காது. ஜனவரியில் வீணாக ஓடுவதை மே மாதத்துக்குத் தள்ளிவைக்கும், அவ்வளவே. பத்திரிகைகள் இதை ஏதோ பரிகாரம் போல எழுதுவதுதான் எனக்கு எரிச்சல்.

உங்கள் காவிரிக்குப் பனியாறு கிடையாது. ஆனால் ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று ஏழு சதவீதம் கூடுதலாக ஈரம் பிடித்துவைக்கும். பெய்தால் மொத்தமாகக் கொட்டும். அதைத் தேக்க ஏரி குளம் வேண்டுமே! உங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரும் பேச்சு என்ன ஆயிற்று?

சரி, கல்யாணம். ஆவணி என்றால் இப்போதே லீவு சொல்லி வைக்கிறேன். உலர்ந்த ஆப்ரிகாட் இங்கே மலிவு, எத்தனை கிலோ வேண்டுமென்று தங்கச்சியிடம் கேட்டு எழுது. மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று நீ சொல்லவே இல்லை.

அன்புடன்,
ராகவன்