பிரசவத்துக்குப் போக ஒரு தாய்வீடு: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். வேதுத் தண்ணீர் காய்ச்ச ஒருவர், சரக்குத்தூள் இடித்துப் பத்தியக்கறி வைக்க ஒருவர், நடுச்சாமத்தில் குழந்தை வீரிட்டால் வாங்கித் தோளில் போட ஒருவர் என்று 31 நாளும் வீடு நிறைய ஆட்கள். அந்த வீடு கதவைச் சாத்திவிட்ட, கர்ப்பமான பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் எங்களிடம் வந்த ஒரு பிள்ளையின் ஊரைச் சொல்லமாட்டோம். ஏழு மாதம். அதுவரை ஒரு கிளினிக்குக்கும் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "கிளினிக் கார்ட் போட பிள்ளையின்ர தகப்பன்ர ஐடென்டிக் கார்டும் வேணுமாம் எண்டு சொன்னவை" என்றாள். யார் சொன்னது என்று அவளுக்கே தெரியவில்லை. தாய் குவைத்தில் வீட்டுவேலை. அம்மம்மாவுக்குக் கண் மங்கல். தகப்பன், விஷயம் தெரிந்த அன்றைக்கே வெளியே போ என்றுவிட்டார். கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் இரண்டு சட்டையும் பள்ளிக்கூட ரிப்போட்டும். ரிப்போட் எதற்குப் பிள்ளை என்று கேட்டோம். கணக்கில் 81 எடுத்திருந்தாள். தான் கெட்ட பிள்ளை இல்லை என்று காட்ட அவளிடம் இருந்த ஒரே தாள் அது.

முதல்நாள் கிளினிக் வாங்கில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அக்கா கேட்டே விட்டார்: "புருஷன் வரேல்லையோ?" எங்கள் உறுப்பினர் ஒருவர், "நான் வந்திருக்கிறன்தானே" என்று சொல்லிவிட்டுக் கொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் செய்வது பெரும்பாலும் இவ்வளவுதான், பக்கத்தில் இருப்பது.

ஆஸ்பத்திரி இலவசம். இரும்புச்சத்து, போலிக் அசிட், கல்சியம் குளிசைகளை கிளினிக்கில் தருகிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவார், வீடு என்று ஒன்று இருந்தால். ஈச்சிலம்பற்றிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ திருமலைக்கு வரும் பஸ் காசும், ஒளிக்காமல் வரும் துணிவும்தான் இந்தப் பிள்ளைகளிடம் இல்லை. இந்த வயதில் பிரஷர் ஏறி வலிப்பு வருவது, குறைமாதத்தில் பிறப்பது, நிறை குறைந்து பிறப்பது எல்லாம் வளர்ந்த பெண்களைவிடக் கூடுதல். பிரஷர் ஏறுவது வெளியே தெரியாது. தலையிடி, கண் மங்கல், முகவீக்கம் என்று தெரியவரும்போது சிலவேளை ஓட்டோ பிடிக்கக்கூட நேரம் இராது. ஒளித்து வைப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

எங்கள் உதவி கேட்டு வருபவர்களில் சிலர் உண்மையில் உதவி கேட்பதில்லை, "கட்டிவைத்துவிட்டால் சரிதானே" என்று கேட்கிறார்கள். சரியில்லை. பொதுச் சட்டப்படி திருமண வயது 1995 முதல் 18. பிள்ளை 16 வயதுக்குக் குறைந்தவள் என்றால் நடந்தது சட்டத்தின் முன் வல்லுறவு. அவள் சம்மதித்தாளா என்ற கேள்விக்கே இடமில்லை. அதை மூடிமறைக்கவோ சமாதானம் பேசவோ எங்கள் குழு முன்னிற்காது. பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும் அறிவித்துவிட்டுத்தான் மற்ற வேலை. 18 நிறையாத பிள்ளை எங்கே தங்குவது என்பதையும் நாங்களாகத் தீர்மானிப்பதில்லை, நன்னடத்தை அதிகாரியின் அனுமதி வேண்டும். இதனால் எங்களோடு கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. இருக்கட்டும்.

இப்போது கேட்பது ஒரு வீட்டுக்காக. பெரியாஸ்பத்திரிக்குக் கிட்ட இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் கிணறு. பிரசவத்துக்கு முந்திய மாதமும் பிந்திய 31 நாளும் பிள்ளை அங்கே இருக்கலாம். இரவில் கூடத் தங்க, நாலு பிள்ளை பெற்ற ஒரு அம்மா சம்மதித்திருக்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். சேவை என்று சொல்லி வயதான மனுசியின் உழைப்பைச் சும்மா எடுக்க எங்களுக்கு மனமில்லை. வாடகை, சம்பளம், சாப்பாடு, ஓட்டோ எல்லாம் சேர்த்து மாதம் 80,000 ரூபாய் போட்டிருக்கிறோம். மாதம் 2,000 ரூபாய் தர 40 பேர் கிடைத்தால் வீடு ஓடும். ஒரேயடியாகத் தருபவர்களின் காசு முற்பணத்துக்கும் கட்டில், மெத்தைக்கும் போகும். பற்றுச்சீட்டு உண்டு, கணக்குக் கொப்பியை யாரும் வந்து பார்க்கலாம்.

பொருளாகத் தருவதென்றால் பழைய மெல்லிய பருத்திச் சேலை, பிளாஸ்க், நுளம்புவலை, பேசின் நல்லது. தயவுசெய்து பால்மா டின்னும் சூப்பிப் போத்தலும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று கிளினிக்கில் சொல்லிக்கொடுப்பதை நாங்களே கெடுக்கக்கூடாது. வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு வார்த்தை: படம், வீடியோ கேட்காதீர்கள். முகத்தை மறைத்தாலும் ஊருக்கு அடையாளம் தெரியும்.

காசு இல்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. கிளினிக் நாளில் கூடப் போக ஆள் வேண்டும். பிறப்பை 42 நாளுக்குள் பதிய அலைய ஆள் வேண்டும் (தகப்பன் பெயர் இல்லாமலும் பதியலாம், பலருக்கு இது தெரியாது). பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். அதற்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க ஒரு ரீச்சரைத் தேடுகிறோம். கணக்குக்கு வேண்டாம், 81 எடுத்த பிள்ளையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், மடியில் மகனை வைத்துக்கொண்டு.

வீட்டுக்காரர் முற்பணத்துக்கு இந்த மாதக் கடைசிவரை தவணை தந்திருக்கிறார். பொருளாளரை நேரில் சந்தித்தால் வங்கிக் கணக்கு விபரம் தருவார்.

இப்படிக்கு,
குழுவினர்,
திருகோணமலை