வெயிலின் சூடு வேறு, ஒளி வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

“என்னா வெயில்! மாடியில இருக்கிற சோலாருக்கு இன்னிக்குக் கொண்டாட்டம்தான்” என்றார் சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வட்டாரக் காப்பிக்கடையில் ஒருவர். மேசையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். முப்பது ஆண்டு மின்பணி பார்த்தவன், என்னால் சும்மா இருக்க முடியவில்லை. சோலார் தகட்டுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்கு ஆகாது.

தகட்டின் பின்னால் 400 வாட் என்று ஒட்டியிருந்தால், அது சோதனைக்கூடத்தில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில், தகடு 25 டிகிரியில் இருந்தபோது எடுத்த கணக்கு. நம் ஊர் உச்சி வெயிலில் கூரைத் தகடு 60 டிகிரி வரை காயும். சிலிக்கான் தகடு, கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு திறனை இழக்கும். 35 டிகிரி கூடினால் 12 விழுக்காடு போயிற்று. 400 வாட் தகடு 350 பக்கம் வந்து நிற்கும். மின்னோட்டம் துளி ஏறினாலும் மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. மழை விட்டு வானம் பளிச்சென்று வெளுக்கிறதே, அதுதான் தகட்டுக்கு நல்ல வேளை.

2021ல் திறக்கப்பட்ட தெங்கே நீர்த்தேக்கத்தின் 60 மெகாவாட் மிதக்கும் தகடுகளுக்கு அடியில் தண்ணீரின் குளிர்ச்சி உண்டு. கூரைக்கு அது இல்லை. தகட்டுக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று தரைவீட்டுக்காரர்கள் பொருத்தும்போதே கேட்டுவிட வேண்டும்.

இந்தக் கடிதம் எழுதவைத்தவன் உயர்நிலை இரண்டில் படிக்கும் என் பேரன். பள்ளிச் செயல்திட்டத்துக்காகக் கையகலத் தகடு ஒன்றை மேசை விளக்குகளின் கீழ் வைத்து அளந்தான். கைப்பேசிச் செயலியில் எல்இடி, ஹாலோஜன் இரண்டுக்கும் ஒரே லக்ஸ், அதாவது ஒரே வெளிச்ச அளவு. மின்னோட்டமோ ஹாலோஜனில் மிக அதிகம். “ஹாலோஜன்தான் சிறந்த ஒளி” என்று முடிவே எழுதிவிட்டான்.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. ஹாலோஜன் கொட்டும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு அதில் சேராது. ஆனால் சிலிக்கான் ஏறக்குறைய 1,100 நானோமீட்டர் அலைநீளம் வரை அகச்சிவப்பையும் மின்சாரமாக்கும். அதனால்தான் அந்த ஏற்றம். அதற்கு மேற்பட்ட அலைகளால் மின்சாரம் கிடையாது, சூடுதான் மிச்சம். சற்று நேரத்தில் வோல்ட் இறங்க, மல்டிமீட்டர் கெட்டுவிட்டது என்று பிள்ளை பதறினான்.

தகட்டை வாசல் நடைவழி வெயிலுக்குக் கொண்டுபோனோம். காய்ந்ததும் வோல்ட் குறித்தான். பின்புறத்தை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தேன். எண் மெல்ல ஏறியது. “தாத்தா, வெயில் அப்படியேதானே இருக்கு!” என்றான். அந்த வியப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். இத்தகைய செயல்திட்ட அட்டவணையில் தகட்டின் வெப்பநிலைக்கு ஒரு பத்தி ஒதுக்குமாறும், ஒருமுறையேனும் தகட்டைத் திடலுக்குக் கொண்டுபோய் அளக்க வைக்குமாறும் அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற மின்பணியாளர்,
ஈசூன்